கண்ணாடி பீரோவின் சாவி

அவருடைய சைக்கிளின் பின் கேரியரில் உட்கார்ந்துகொண்டுதான் நான் அவர்மேல் பொறாமைப்பட்டேன். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். போலகத்திலிருந்து நான் நடந்து திருமலைராயன்பட்டினம் வந்து சேர்வேன். அங்கிருந்து காரைக்கால் வழியாகக் கோட்டுச்சேரி வரை அவர் மிதிப்பார். எதிர்க்காற்று அடிக்கும் நாட்களில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

"நான் கொஞ்சம் மிதிக்கிறேனே" என்பேன்.

"இருக்கட்டுங்க. நீங்க நோட்டப் புடிச்சுக்குங்க, அது போதும்."

அவருடைய நோட்டுகளும் என்னுடைய நோட்டுகளும் என் மடியில் ஒன்றாக இருக்கும். அவருடையவை சைகோனில் வாங்கியவை. தாள் வழவழவென்று இருக்கும், மை ஊறாது. சைக்கிளும் சைகோனிலிருந்து கப்பலில் வந்ததுதான். ஒருவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே இவ்வளவு நேரம் வயிறு எரிய முடியும் என்பதை அந்தக் கேரியரில்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். கோட்டுச்சேரியில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருவரும் உதவி ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் எங்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். நான் போலகம் சார். அவர் பட்டினம் சார். பிரெஞ்சு ஆட்சி போவதற்கு முன்பு இருவரும் முசியேக்கள். போன மறுவாரமே சார் ஆகிவிட்டோம். பிள்ளைகளின் நாக்குதான் பழகவில்லை. "முசியே சார்" என்று இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

அவருடைய வாப்பா சைகோனில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். பட்டினம் சார் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். வியட்நாமில் சண்டை முற்றியதும் கடையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். நானோ பிரவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதித் தேறியவன். பிரெஞ்சில் ஒரு வாக்கியம் பேசவேண்டும் என்றால் முதலில் அதைத் தமிழில் நினைத்து, பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுப்பேன். அவர் தும்மினால்கூடப் பிரெஞ்சில் தும்முவது மாதிரி எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஒரு பண்ணையில் வேலை பார்த்தார். அறுவடைக் காலம் முழுக்க நெல்லை அளந்து களஞ்சியத்தில் கொட்டுவது அவர்தான். ஆனால் களஞ்சியத்துச் சாவியை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. பண்ணையார் மகன் வந்து திறப்பான். வேலை முடிந்ததும் அவனே வந்து பூட்டுவான். அவன் வரும்வரை அப்பா கதவுக்கு வெளியே நிற்பார். மழையில்கூட நின்றிருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் பள்ளி பீரோவின் சாவி எனக்கு அவ்வளவு பெரிதாகிப் போனது.

தலைமை ஆசிரியர் அறையில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. எங்கள் நூலகம் என்றால் அதுதான். மேல் மூன்று தட்டுகளில் பிரெஞ்சுப் புத்தகங்கள். கீழ் இரண்டு தட்டுகளில் தமிழ்ப் புத்தகங்கள். அந்தத் தமிழ்த் தட்டுகள் என்னால் வந்தவை. பிரெஞ்சுக்காரர் இருக்கும்போதே, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில், தமிழிலும் புத்தகம் வேண்டும் என்று மனு எழுதி, தலைமை ஆசிரியரின் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். எழுதியதையே மறந்துபோகும் அளவுக்கு நாளான பிறகு புதுச்சேரியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கடல் பயணக் கதைகள், தேனீ வளர்ப்பு, நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று, காலராவைப் பற்றி ஒன்று, ராஜா ராணிக் கதைகள். முப்பதுக்கு மேல் இருக்கும்.

அவற்றுக்கு முத்திரை குத்தியதும் நான்தான். மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்திலிருந்து பள்ளி முத்திரைக் கட்டையை ஒரு நாள் மட்டும் வாங்கி வந்திருந்தார் தலைமை ஆசிரியர். முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் ஒரு ரகசியப் பக்கம், இதுதான் முறை. திருடன் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் ரகசியப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். நான் பதினேழாம் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஊதா மசியில் வட்டம் வட்டமாகக் குத்தினேன். ஆசை அடங்காமல் படம் உள்ள பக்கங்களிலும் குத்தினேன். விரல்களில் ஒட்டிய ஊதாவை ஒரு வாரம் கழுவாமல் வைத்திருந்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். பட்டினம் சார் வருவதற்கு முன்பு பஸ்ஸில்தான் போவேன்; கம்பியைப் பிடிக்கும்போது நாலு பேர் பார்க்கட்டும் என்று விரல்களை விரித்துப் பிடித்தேன்.

சாவி தலைமை ஆசிரியரின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. "நூலகப் பொறுப்பை உங்க ரெண்டு பேருல ஒருத்தர்ட்ட குடுத்துடப் போறேன்" என்று ஒரு நாள் சொன்னார். வீட்டில் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அப்பா, நான் வாசலில் காலைக் கழுவும்போதே கேட்க ஆரம்பித்தார்.

"சாவி வந்துச்சா தம்பி?"

"இன்னும் இல்லப்பா."

"குடுப்பாங்க. ஒன்ன விட்டா யாருக்குக் குடுப்பாங்க?"

யாருக்குக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பட்டினம் சார் வந்து சேர்ந்த இரண்டாம் மாதமே சனிக்கிழமைகளில் கடைசி மணியில் கதை சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரியைப் பிரெஞ்சில் வாசிப்பார். உடனே அதைத் தமிழில் சொல்வார். கரடி பேசினால் குரலைத் தடிப்பாக்குவார். போலீஸ்காரன் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி என் வகுப்புக்குள் வரும். என் பிள்ளைகள் கண்ணை என்மேல் வைத்துக்கொண்டு காதை அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. தமிழ்த் தட்டிலிருந்து கடல் பயணக் கதையை எடுத்து, நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்துகூட நழுவாமல் வாசித்தேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். முன் வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை எங்களயும் அந்த வகுப்புல உக்கார விடுவீங்களா, முசியே சார்?"

அந்த நேரத்தில்தான் ஊர் அரசியல் பள்ளிக்குள் நுழைந்தது.

கோட்டுச்சேரி கடைத்தெருவில் சோடாக் கடை வைத்திருந்த ஒருவர் விடுதலைக் கட்சியின் செயலாளர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அடிபட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய், ஒரு வருஷம் சத்திரத்தில் கிடந்துவிட்டு, கொடி மாறிய அன்று கழுத்தில் மாலையோடு திரும்பி வந்தவர். அவருக்கு எதிராளி அரிசி மில் முதலாளி. மில்காரர் அந்தக் காலத்திலும் கவுன்சிலர், புது ஆட்சியிலும் கவுன்சிலர். மில் வாசலில் மூவர்ணம் எப்போதும் உண்டு. நீலம் போய்ப் பச்சை வந்தது, அவ்வளவுதான். பள்ளிக் குழுவுக்கும் அவரே தலைவர். தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும் சோடாக் கடைக்காரர் கடைத்தெருவில் பெஞ்சுமேல் ஏறி நின்று பேசினார்.

"பிரெஞ்சுக்காரன் போயிட்டான், அவன் பீரோ போகல! நம்ம புள்ளைங்க படிக்கிற எடத்துல மூணு தட்டு நெறைய அவன் புத்தகம் குந்தியிருக்கு. அதக் காப்பாத்துற புண்ணியவான் யாரு? நம்ம மில் மொதலாளி!"

கூட்டத்தில் நின்ற எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. மேல் மூன்று தட்டும் போய்விட்டால் பட்டினம் சார் எதைக் கையில் வைத்துக்கொண்டு கரடியாவார்?

மறுநாள் மில்காரர் பள்ளிக்கு வந்தார். கதர்ச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது.

"பெரிய சார், அந்த பீரோவுல என்னதான் இருக்கு?"

"புத்தகம் இருக்குங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

"அது கண்ணாடியிலயே தெரியிதே. என்ன புத்தகம்?"

"கதை, சரித்திரம், பூகோளம்…"

"அவங்க போட்ட பூகோளம் இனிமே எதுக்குங்க? நாமளே கைமாறிட்டோம். ஏதாவது ஒரு விதி போட்டுக் கழிச்சு விடுங்க. எனக்கு அந்த சோடாக்காரன் வாய அடைக்கணும்."

பிரெஞ்சு மொழியே கூடாது என்று விதி போட முடியாது. பிரெஞ்சு தொடர்ந்து இருக்கும் என்று புது அரசாங்கமே வாக்குக் கொடுத்திருந்தது. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று ஆளுக்கொரு யோசனை எழுதித் தரும்படி தலைமை ஆசிரியர் எங்கள் இருவரிடமும் கேட்டார். "யாரோடது நல்லாருக்கோ அவங்கள்ட்டயே பொறுப்பக் குடுத்துடலாம்" என்றும் சொன்னார்.

பட்டினம் சார் இரண்டு பக்கம் எழுதினார். ஒரு காலை, சைக்கிளில் ஏறும் முன் அதை என்னிடம் நீட்டினார்.

"தமிழ்ல எழுதி எனக்குப் பழக்கமில்லீங்க. ராத்தாகிட்ட கேட்டு கேட்டு எழுதுனேன். தப்பு இருந்தா திருத்திக் குடுங்களேன்."

அக்காவைத்தான் அவர் ராத்தா என்பார். கேரியரில் உட்கார்ந்தே படித்தேன். முதல் வரியிலேயே இரண்டு பிழை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! கோட்டுச்சேரி போய்ச் சேர்வதற்குள் பிழைகளையெல்லாம் மனத்தில் குறித்துக்கொண்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சிவப்பு மசியை எடுத்து, ஒவ்வொரு பிழையையும் சுழித்து, பக்கத்தில் சரியான எழுத்தைக் கொட்டையாக எழுதினேன். பென்சிலால் மெல்லக் குறித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் சிவப்பில் போட்டேன். அந்த இரண்டு பக்கமும் அடிபட்ட முழங்கால் மாதிரி ஆகிவிட்டது. அவர் வாங்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"இவ்வளவு தப்பா?" என்று சிரித்தார். "ரொம்ப சந்தோஷம். வேற தாள்ல எழுத நேரமில்ல, இப்படியே குடுத்துடறேன்."

பிழைகளைத் தேடித்தான் படித்தேன். அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று படிக்கவில்லை. படித்திருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

என்னுடையது ஒரே வாக்கியம். வெள்ளைத் தாளில், அச்சு மாதிரி எழுதினேன்: 'எம்மொழி நூலாயினும், பழைய அரசாங்கத்தின் முத்திரை உடையவற்றை மட்டும் நூலகத்திலிருந்து விலக்குவது நியாயமாகும்.' மொழித் துவேஷம் இல்லை. யாரையும் குறிவைத்ததாகத் தெரியாது. மேல் தட்டுப் புத்தகங்கள் பிரெஞ்சுக்காரர் கொடுத்தவைதானே, அவற்றில் அவர்கள் முத்திரை இல்லாமல் இருக்குமா? அவற்றில் ஒன்றைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்தால் புரியாமல் போய்விடுமோ என்ற பயம்.

மில்காரர் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். "ரெண்டு பக்கத்த யாரு படிக்கிறது? அதுவும் செவப்பு செவப்பா. இது பாருங்க, நறுக்குனு ஒரே வரி." அன்றே அது தீர்மானமாகிக் குழுவினர் கையெழுத்தும் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் பார்க்கப் புத்தகங்களைப் பிரிப்பது என்று முடிவாயிற்று.

பள்ளித் தாழ்வாரத்தில் மேசை போட்டார்கள். ஒரு பக்கம் காலித் தகரப் பெட்டி, விலக்குபவற்றுக்கு. சோடாக் கடைக்காரர் தன் ஆட்களோடு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். மில்காரர் நின்றுகொண்டே தீர்மானத்தைப் படித்தார். "இத எழுதிக் குடுத்தது நம்ம போலகம் சார்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டினம் சாரைப் பார்த்தேன். அவர் பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் மேல் தட்டு. தடித்த புத்தகம் ஒன்றை மில்காரர் பிரித்தார். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. கடைசிப் பக்கமும் அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை.

"நடுவுல பாருங்க. ரகசியப் பக்கம் இருக்கும். பதினேழாம் பக்கம்!"

மில்காரர் புரட்டினார். புரட்ட வரவில்லை. தாள்கள் ஓரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

"என்னங்க இது, ஒட்டிக் கெடக்கு?"

பட்டினம் சார் சொன்னார். "ஒட்டலைங்க, வெட்டல. அந்த நாட்டுப் புத்தகம் பல இப்படி மடிச்சபடியேதான் வரும். படிக்கிறவங்க கத்திய வச்சு வெட்டிக்கணும்."

"அப்படின்னா இத எவனுமே படிக்கலயா?" சோடாக் கடைக்காரரின் ஆள் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

மில்காரர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். எதிலும் முத்திரை இல்லை. தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இவை ஒரு துரை வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பும்போது பள்ளிக்குத் தன் சொந்தப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனவை, அரசாங்கத்துச் சொத்து இல்லை, அதனால் முத்திரையும் விழவில்லை என்றார். "பட்டினம் சார் இத எழுதியிருந்தாரே" என்றும் சொன்னார்.

அடுத்தது கீழ்த்தட்டு. மில்காரர் கடல் பயணக் கதையைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே பளிச்சென்று ஊதா வட்டம்.

"அது பள்ளிக்கூட முத்திரைங்க" என்றேன் அவசரமாக.

தலைமை ஆசிரியர் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். வட்டத்தின் கீழ் வளைவில் கோட்டுச்சேரிப் பள்ளி என்று இருந்தது. மேல் வளைவில் பிரெஞ்சுக் குடியரசின் பெயர். கட்டை தலைகீழாகிவிடக் கூடாது என்று கீழ் வளைவை மட்டுமே பார்த்துப் பார்த்துக் குத்தியவன் நான். என் கையால் குத்தினேன் என்பதாலேயே அது என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

"பதினேழாம் பக்கத்தயும் பாருங்க" என்றார் சோடாக் கடைக்காரர். பார்த்தார்கள். அங்கேயும் இருந்தது. கப்பல் படத்தின் பாய்மரத்தின் மேலும் இருந்தது.

"பேஷ்! தமிழு பொட்டிக்குள்ள, பிரெஞ்சு பீரோவுக்குள்ள. நல்லா வாங்கிக் குடுத்தீங்கய்யா விடுதலை!"

மில்காரரின் முகம் கறுத்தது. எதிராளியின் முன்னால் தன் தீர்மானத்தைத் தானே மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. "தீர்மானம்னா தீர்மானம்தான். எழுதுனது வாத்தியாரு, நான் இல்ல" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தமிழ்ப் புத்தகமாகத் தகரப் பெட்டியில் போட ஆரம்பித்தார். தேனீ போயிற்று. நட்சத்திரம் போயிற்று. நான் எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது? அந்த விதியை ஏன் எழுதினேன் என்பதையா?

பட்டினம் சார்தான் பேசினார். "மொதலாளி, ஒண்ணு சொல்லலாமா? புது முத்திரை புதுச்சேரிலேர்ந்து வரப்போவுதுல்ல? வந்ததும் பழசுக்குப் பக்கத்துல இதையும் குத்திட்டா, புத்தகம் புது அரசாங்கத்துக்குச் சொந்தமாயிடும். அதுவரைக்கும் பொட்டி மேரியில பத்திரமா இருக்கட்டும். தீர்மானத்தயும் மீறுனதா ஆவாது."

இரண்டு பக்கமும் அதற்குத் தலையாட்டின. தமிழ்ப் புத்தகங்களை மீட்டது தாங்கள்தான் என்று அன்று மாலையே இரண்டு பக்கமும் பேசிக்கொண்டன. என் புத்தகங்களை அவர் காப்பாற்றிவிட்டார். எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். அவருக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் தோன்றியது.

கூட்டம் கலைந்ததும் தலைமை ஆசிரியர் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"விதி எழுதுனது நீங்க. நீங்களே வச்சுக்குங்க."

அது பரிசா தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்கும் முன்பே சாவியை அவர் கையில் வைத்தேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஸ்கூல் பீரோ சாவி. தம்பிகிட்ட குடுத்துட்டாங்க."

பிறகு என்னிடம், "உள்ள என்னென்ன இருக்கு தம்பி?" என்றார்.

"புத்தகம்ப்பா" என்றேன். என்ன புத்தகம் என்று அவர் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாயிற்று.

மறுநாள் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். சாவி சட்டைப் பையில் கிடந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் நெஞ்சில் தட்டியது. அரசலாற்றுப் பாலத்தின் மேல் அவர்தான் ஆரம்பித்தார்.

"தமிழ்ப் புத்தகம் ஒண்ணு எங்க வீட்ல இருக்குங்க. ராஜா ராணிக் கதை. ராத்தா அத வச்சுத்தான் எனக்கு வாசிக்கக் கத்துக்குடுக்கிறாங்க. பொட்டில சேக்கணுமா?"

"முத்திரை வர்ற வரைக்கும் வச்சிருங்க" என்றேன்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க வகுப்புல தமிழ் வாசிப்பீங்கள்ல, நான் சொவத்துக்கு இந்தப் பக்கம் பாடத்த நிறுத்திட்டு அதயே கேப்பேன். ஒரு எடத்துல தடங்குறீங்களா! எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்ங்க."

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். சைக்கிள் ஆடியது. தன் வயிற்றெரிச்சலை இப்படி நடுப்பாலத்தில், காற்றில், சிரித்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறதே இவருக்கு என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. சிவப்பு மசியைப் பற்றி நானும் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பாலம் முடிந்துவிட்டது.

புது முத்திரை வர ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை நான் மூன்று தட்டுப் பிரெஞ்சுப் புத்தகங்களுக்குக் காவல். பிள்ளைகள் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம புத்தகம் எப்ப வரும், முசியே சார்?" என்று கேட்டுப் போவார்கள். பதிவேட்டில் தலைப்புகளை எழுத வேண்டியிருந்தது. பட்டினம் சார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். அவர் கதை சொன்ன இரண்டு புத்தகங்களைத் தவிர மற்றவை எல்லாம் வெட்டாதவை. "இதெல்லாம் எனக்கும் புதுசுதாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை என் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மேல் தட்டுகளிலேயே மிக மெலிந்த புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். சவர பிளேடால் ஒவ்வொரு மடிப்பாக வெட்டினேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். ஒரு தச்சனையும் அவன் வளர்த்த வாத்தையும் பற்றிய கதை. முதல் இருபது பக்கம் தலைவலி. அதற்குப் பிறகு எந்த இடத்தில் என்று தெரியவில்லை, அகராதியை எடுக்க மறந்துபோய் நாலு வரி படித்துவிட்டேன். துரை வெட்டாதது, தலைமை ஆசிரியர் வெட்டாதது, பட்டினம் சார் வெட்டாதது. நான் வெட்டினேன்.

புது முத்திரை வந்த அன்று தகரப் பெட்டியும் மேரியிலிருந்து வந்தது. இந்தத் தடவை கட்டையைக் கையில் எடுத்ததும் மேல் வளைவு, கீழ் வளைவு, நடு எல்லாவற்றையும் படித்தேன். பட்டினம் சார் பக்கங்களைப் பிரித்துப் பிடித்தார், நான் குத்தினேன். அவர் திருப்பிக் கொண்டுவந்த ராஜா ராணிக் கதையின் பதினேழாம் பக்கத்தில் கடினமான சொற்களின் கீழ் பென்சில் கோடு இருந்தது. பென்சிலால்தான், மெல்லியதாக. அந்தக் கோடுகளின் மேல் மசி படாமல் தள்ளிக் குத்தினேன். அவரிடம் நான் கேட்ட மன்னிப்பு என்று ஏதாவது உண்டென்றால் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது நல்ல எதிர்க்காற்று.

"அந்த வாத்துக் கதைய முடிச்சிட்டீங்களாமே. கடைசியில வாத்து என்ன ஆவுது?" என்று கேட்டார், மூச்சு வாங்க.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"படிச்சுப் பாருங்க. சாவி என்கிட்டதான் இருக்கு. எப்ப வேணாலும் வந்து எடுத்துக்குங்க."

"பெரிய ஆளுதான்!" என்று சிரித்துவிட்டு இன்னும் அழுத்தி மிதித்தார். நான் நோட்டுகளைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.